தெரியாதக்கா

அவருக்குத் தெரியாதக்கா என்று பெயர் வைத்தது நான்தான். முதலில் முதுகுக்குப் பின்னால்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருநாள் அது அவர் காதில் விழுந்துவிட்டது. இன்று நமக்கு இருக்கிறது கச்சேரி என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தால், அவர் என்னை ஒரு பார்வை பார்த்து, "பொருத்தமாத்தான் கிடக்கு" என்று சொல்லிவிட்டுத் தேநீர் ஊற்றப் போய்விட்டார். அதற்குப் பிறகு முகத்துக்கு நேராகவே கூப்பிடலாம் என்றாகிவிட்டது. ஆனாலும் நேரில் பார்த்தால் வெறும் "அக்கா" என்றுதான் வாயில் வரும். அவர் லண்டனை விட்டு டொரண்டோவுக்குப் போய்ச் சில வருடங்களாகின்றன. இன்றும் யாராவது ஒரு விஷயத்தை அடித்துச் சொன்னால், பக்கத்தில் அவர் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்க்கிறேன்.

மேகத்துக்குள் பனித்துகள் எப்படி வளர்கிறது என்பதை வானிலை ரேடார் வழியாக ஆராய்வது அவர் வேலை. லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தின் மேல்மாடியில் எங்கள் அறை இருந்தது. ரேடார் அங்கே இல்லை. அது நகரத்துக்கு மேற்கே, ஒரு வயல்வெளியில், வானத்தை அண்ணாந்து பார்த்தபடி கிடந்தது. அதைத் திருப்புவது, நிமிர்த்துவது, படம் எடுப்பது எல்லாவற்றையும் லண்டனில் உட்கார்ந்தபடியே நான் செய்வேன். நான் மதுரைக்காரி, ரேடார் இன்ஜினியர். வந்த படத்தைப் பார்த்து இன்னது என்று சொல்ல வேண்டியவர் அவர். சொல்ல வேண்டியவர்தான். லேசில் சொல்லமாட்டார்.

வானிலை ஆராய்ச்சிக்காரர் என்று தெரிந்துவிட்டால் லண்டன் தமிழர்கள் விடுவார்களா? வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் ஒருமுறை நானும் அவரும் பிரசாத வரிசையில் நின்றோம். பரிமாறிக்கொண்டிருந்த பெரியவர் அவரை அடையாளம் கண்டுகொண்டார்.

"பிள்ளை, தேருக்கு மழை வருமோ?"

"தெரியாது ஐயா."

"இவ்வளவு படிச்சிருக்கிறீர். ஒரு நல்ல வார்த்தை சொல்லக்கூடாதோ?"

"அம்மனைக் கேளுங்கோ ஐயா. எனக்குத் தெரியாது."

பெரியவருக்கு முகம் சுருங்கிவிட்டது. என் தட்டில் இரண்டு கரண்டி பொங்கல் விழுந்தது, அவர் தட்டில் ஒன்று. அக்கா அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

டூட்டிங் கடைத்தெருவில் அவர் மாம்பழம் வாங்குவதைப் பார்க்க வேண்டும். கடைக்காரர் பெட்டியைத் திறந்து, "அக்கா, தேன் மாதிரி இருக்கும், கொண்டு போங்கோ" என்பார். "இந்தப் பெட்டியில ஒண்டை வெட்டிப் பாத்தனீரோ தம்பி?" என்று இவர் கேட்பார். வெட்டவில்லை, ஆனால் இனிக்கும் என்பார் அவர். "அப்ப உமக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, அதே பெட்டியையே வாங்கிக்கொண்டு வருவார். எனக்குச் சிரிப்பு தாங்காது. வாங்குகிறதுதான் வாங்குகிறீர்கள், அந்த மனிதரை எதற்குப் போட்டு இந்தப் பாடு படுத்துகிறீர்கள் என்று கேட்டால், "வாங்கிறது என்ரை விருப்பம். இனிக்கும் எண்டு சொல்லுறது வேற கதை" என்பார்.

இந்த ஆளுக்கு ஏற்ற தொழில்தான் வாய்த்திருந்தது. லண்டன் மேல் நிற்கும் குளிர்கால மேகத்தின் மேல்பாதியில் பெரும்பாலும் பனித்துகள்தான். அவை ஆவியை உறிஞ்சி முதலில் அப்பளம் போலத் தட்டையாக வளரும். ரேடார் ஓர் அலையைப் படுக்கையாகவும் இன்னொன்றை நெட்டாகவும் அனுப்பும். துகள் தட்டையாக இருந்தால் படுக்கை அலை கூடுதல் பலத்தோடு திரும்பி வரும். அந்த வித்தியாசம் என் திரையில் மஞ்சளாகத் தெரியும். மஞ்சள் தெரிந்தால் அங்கே அப்பளம் வளர்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சிக்கல் என்னவென்றால், அதே மேகத்தில் உறைநிலைக்குக் கீழே போயும் உறையாத நீர்த்துளிகள் மிதந்துகொண்டிருக்கும். எதன் மேலாவது பட்டால் பட்ட இடத்திலேயே உறைந்து ஒட்டிக்கொள்ளும். அப்பளத்தின் மேல் அவை ஒட்டி ஒட்டி, அது சீடை மாதிரி உருண்டையாகிவிடும். உருண்டையானதும் மஞ்சளும் போய்விடும். அந்த நீர்த்துளிகளோ எங்கள் ரேடாரின் கண்ணுக்கு அகப்படாத அளவு சின்னவை. ஆகவே மஞ்சள் மறைந்தால், துகள் வளர்வது ஓய்ந்துவிட்டதா, இல்லை கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் வந்து மூடிவிட்டதா என்பதைத் திரையை மட்டும் பார்த்துச் சொல்வது கஷ்டம். எங்கள் பேராசிரியர் ஆங்கிலேயர், நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர். "இங்கே வளர்ச்சி நின்றுவிட்டது, சரிதானே?" என்று கூட்டத்தில் கேட்பார். அக்கா தெரியாது என்பார். ஆங்கிலத்தில் சொன்னாலும் அது யாழ்ப்பாணத்துத் "தெரியாது" போலத்தான் கேட்கும்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் "தெரியும்" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் பேசமாட்டார்கள். பேராசிரியரும் பேசமாட்டார்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்கிறேன். எப்போதும் சிரிப்பாக இருக்கவில்லை. என் அம்மாவுக்கு மதுரையில் இதய அறுவை சிகிச்சை நடந்த அன்று நான் வேலைக்கு வந்துவிட்டேன். வீட்டில் தனியாக இருக்கப் பயம். வந்தவர்கள் எல்லாரும் ஒன்றும் ஆகாது, தைரியமாக இரு என்றார்கள். நான் போய் நின்றது அவரிடம்தான்.

"அக்கா, அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

"தெரியாது பிள்ளை."

எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்ததைத் தூக்கி எறிந்திருப்பேன். "ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லமாட்டீங்களா?" என்று கத்தினேன்.

"பேச்சுக்குச் சொன்னா அது உமக்கு என்னத்துக்கு?" என்றார். பிறகு வெளியே போனார். இடியப்பமும் சொதியும் வாங்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். ஊரிலிருந்து போன் வரும்வரை, தன் வேலையெல்லாம் போட்டது போட்டபடி, என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அம்மா பிழைத்துவிட்டார். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை, ஒரு வாரம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு ஆறுதல் வேண்டும். அது பொய்யாக இருந்தாலும் எனக்குப் பரவாயில்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான் வளர்ந்தோம்.

என் கணவன் செந்திலிடம் மட்டும் அவர் வேறு மாதிரி. என்னை நீர் என்று மரியாதையாக அழைப்பவர், அவனை வாடா போடா என்று உரிமையோடு பேசுவார். அவனும் எங்கள் குழுவில்தான் இருந்தான். அவர் சாப்பாட்டுப் பெட்டியில் கை வைக்கும் துணிச்சல் அவனுக்கு மட்டும்தான் இருந்தது. மேகத்துக்குள் நுழையும் ஆராய்ச்சி விமானத்தில் போவது அவன் வேலை. இறக்கைக்கு அடியில் இருக்கும் கேமரா பனித்துகள்களைப் படம் பிடிக்கும், அவன் உள்ளே உட்கார்ந்து அவற்றைப் பார்த்துச் சொல்வான். நாங்கள் கீழேயிருந்து பார்ப்பதும் அவன் மேலே பார்ப்பதும் ஒத்துப்போகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் விமானம் அனுப்புவது.

அன்று பிப்ரவரி மாதத்து மத்தியானம். வெளியே லண்டன் ஈயம் பூசியது போல இருந்தது. நான் ரேடாரை ஒரே திசையில் வைத்து மேலும் கீழும் அசைத்து, மேகத்தை நெடுக்காக வெட்டியது போல ஒவ்வொரு படமாக எடுத்துக்கொண்டிருந்தேன். விமானம் அந்தத் திசையிலேயே, அந்தக் கோட்டிலேயே, போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. செயற்கைக்கோள் இணைப்பு வழியாகச் செய்திகள் வந்துகொண்டிருந்தன. திரையின் நடுவில் நல்ல மஞ்சள். செந்தில், "அருமையான தட்டைகள்" என்று எழுதினான். பேராசிரியர் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

அடுத்த சில படங்களில் மஞ்சள் மங்கத் தொடங்கியது. பிறகு ஒரு பக்கமாகக் காணாமலே போயிற்று. விமானம் அந்தப் பக்கமாகத்தான் திரும்பிக்கொண்டிருந்தது.

"அங்கே வளர்ச்சி முடிந்துவிட்டது போலிருக்கிறது. இன்னொருமுறை அதே உயரத்தில் போகட்டுமா?" என்றார் பேராசிரியர்.

"தெரியாது. தண்ணியாகவும் இருக்கலாம்" என்றார் அக்கா. தண்ணீர் என்றால் அது பனித்துகளின் மேல் மட்டும் ஒட்டாது, இறக்கையிலும் ஒட்டும். அவர் என்னைத் தள்ளிவிட்டு விசைப்பலகையை இழுத்து, விமானத்துக்குத் தானே எழுதினார்: "தட்டைத் துகள்களைக் காணவில்லை. காரணம் தெரியாது. அந்த அடுக்கை விட்டு வெளியே வருவது நல்லது."

செந்திலின் பதில் வந்தது: "படமெல்லாம் உருண்டை. இறக்கையில் பனி வேகமாக ஏறுகிறது."

அதோடு இணைப்பு அறுந்தது. வரைபடத்தில் விமானத்தைக் காட்டும் குறியும் அசையாமல் அதே இடத்தில் நின்றுவிட்டது. அதுவும் அதே இணைப்பு வழியாக வருவதுதான்.

பேராசிரியர் விமானத்தளத்துக்குப் போன் செய்தார். விசாரித்துச் சொல்கிறோம், காத்திருங்கள் என்றார்களாம். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டே நடைபாதைக்குப் போய்விட்டார். விமானத்தின் முதுகில் இருக்கும் ஆன்டெனாவில் பனி பிடித்தால் இணைப்பு போகும், அது எனக்குத் தெரியும். இறக்கையில் பனி ஏறி விமானம் தன்னைத் தூக்க முடியாமல் விழுந்தாலும் இணைப்பு போகும். அதுவும் எனக்குத் தெரியும்.

ரேடார் விமானத்தையும் காணும். அவ்வளவு பெரிய உலோகம், மேகத்துக்குள் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரியத்தான் வேண்டும். நான் வந்த படத்தில் தேடினேன். இல்லை. அடுத்த படம் வந்தது. மேகம் இருந்தது, கீழே மழை இருந்தது. புள்ளி இல்லை. ரேடார் கிண்ணத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தேன். படம் துடைத்துவிட்டது போலச் சுத்தமாக இருந்தது.

"அக்கா, செந்தில் இல்ல. படத்துல பிளேனே இல்ல."

அவர் எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்று குனிந்து பார்த்தார். நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்தவள், எதற்குக் கேட்கப் போகிறேன்? அவர் கை என் தோளில் வந்து உட்கார்ந்தது.

"அவன் வருவான்" என்றார். "ஒண்டுக்கும் யோசியாதேயும் பிள்ளை. வருவான்."

அதுவரை எனக்கு இருந்தது பதற்றம் மட்டும்தான், பயம் வந்தது அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு. என் அம்மா மேசையில் நெஞ்சு பிளந்து கிடந்தபோது சொல்லாதவர். தேருக்கு மழை வராது என்று ஒரு கிழவருக்குச் சொல்லாதவர். அவர் எனக்கு ஆறுதல் சொல்கிறார் என்றால், அந்தத் திரையில் நான் காணாத எதையோ அவர் கண்டுவிட்டார். செந்தில் போய்விட்டான் என்றே எனக்குத் தோன்றிவிட்டது.

"ஏன் அப்படிச் சொல்றீங்க? என்ன பாத்தீங்க?" நான் எழுந்து அவர் கையைத் தட்டிவிட்டேன். "தெரியாதுன்னு சொல்லுங்கக்கா! எப்பவும் சொல்ற மாதிரி தெரியாதுன்னு சொல்லுங்க!"

அவர் முகம் வெளுத்திருந்தது. என்னை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்ததாக எனக்குத் தோன்றியது.

"இது என்ன இவ்வளவு வடிவாத் துடைச்சுக் கிடக்கு?" என்றார். "ஹீத்ரோ பிளேன் ஒண்டுகூட இல்லையே. பிள்ளை, நீர் எழுதின அந்த வடிகட்டி ஓடிக்கொண்டெல்லோ இருக்கு?"

லண்டன் வானத்தில் நாள் முழுக்க விமானங்கள். ஒவ்வொன்றும் எங்கள் படத்தில் ஒரு புள்ளியை வைத்துப் பனித்துகள் கணக்கைக் கெடுத்துவிட்டுப் போகும். அதனால் விமானம் போலத் தெரியும் எதையும் படத்திலிருந்து அழித்துவிடும் நிரல் ஒன்றை நான் எழுதி வைத்திருந்தேன். அது நன்றாக வேலை செய்கிறது என்று எல்லாரும் பாராட்டினார்கள். விமானத்தை அழிப்பதற்கென்றே எழுதிய வடிகட்டியை ஓடவிட்டுக்கொண்டு, நாங்கள் இரண்டு பேரும் அந்தப் படத்தில் விமானத்தைத் தேடிக்கொண்டிருந்தோம். இப்படி ஒரு தவறைச் செய்ய எங்களைப் போன்ற ஆட்களால்தான் முடியும்.

நிறுத்தினேன். அடுத்த படம் முழுக்க அழுக்கு. தூரத்தில் இரண்டு மூன்று புள்ளிகள் ஹீத்ரோ பக்கம் இறங்கிக்கொண்டிருந்தன. எங்கள் மேகத்துக்குள் ஒரே ஒரு புள்ளி, செந்தில் கடைசியாக இருந்த உயரத்துக்கு நன்றாகக் கீழே. அதற்கடுத்த படத்தில் அது இன்னும் கீழே போயிருந்தது.

"அக்கா, அதுதானா?"

"தெரியாது" என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. அந்த ஒரு சொல்லைக் கேட்டதும், மூழ்குகிறவள் கால் தரையில் பட்டது போல இருந்தது. அவர் திரும்பி வந்துவிட்டார். இனி இவர் சொல்வதை நம்பலாம்.

"இறங்குதா, விழுதா?"

"இப்ப தெரியாது. அடுத்ததை எடும். கெதியா."

எடுத்தேன். இன்னும் கீழே. மேகத்தில் பனி உருகி மழையாகும் அடுக்கையும் தாண்டிக் கீழே. நான் என் சுடிதார் துப்பட்டாவின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தேன். அக்கா என் நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அடுத்த படம் வந்தது. புள்ளி மேற்கே நகர்ந்திருந்தது, ஆனால் உயரம் குறையவில்லை. அதற்கடுத்ததிலும் அதே உயரம்.

"விழுகிற சாமான் மட்டமாப் போகாது" என்றார் அக்கா. "ஆரோ ஓட்டிக்கொண்டு போகினம். அது எனக்குத் தெரியும்."

தெரியும் என்றார். நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். கொஞ்ச நேரத்தில் பேராசிரியர் ஓடி வந்தார். வெப்பமான காற்றுக்கு இறங்கிவிட்டார்களாம், இறக்கைப் பனி உருகி விழுந்துவிட்டதாம், தளத்துக்குத் திரும்புகிறார்களாம். நிமிர்ந்து பார்த்தபோது அக்கா அறையில் இல்லை. அவர் கோட்டும் இல்லை.

அதற்குப் பிறகு அவர் என்னோடு வேலை விஷயம் மட்டும்தான் பேசினார். எனக்குப் புரியவில்லை. அவர் கையைத் தட்டிவிட்டதால் வருத்தமோ என்று நினைத்து, ஒரு சனிக்கிழமை செந்திலும் நானும் அவரை டூட்டிங்குக்குச் சாப்பிட அழைத்துப் போனோம். மத்தியானக் கூட்டம், கொத்து ரொட்டி கொத்தும் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. செந்திலுக்கு வாய் சும்மா இருக்குமா?

"என்னக்கா, நான் வருவேன்னு அடிச்சுச் சொன்னீங்களாமே. எனக்காகக் கொள்கையையே விட்டுட்டீங்க போல" என்றான்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினார். "வடிவாச் சாப்பிடடா" என்று அவனிடம் சொல்லிவிட்டு எழுந்து, கை கழுவி, வெளியே நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். அப்பர் டூட்டிங் ரோட்டில், காய்கறிப் பெட்டிகளுக்கும் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கும் நடுவில் அவர் வேகமாக நடந்துகொண்டிருந்தார். தூறிக்கொண்டிருந்தது.

"அவன் விளையாட்டுக்குச் சொன்னான் அக்கா."

"அவனில பிழை இல்லை." நடையைக் கொஞ்சம் குறைத்தார். "எனக்கு ஒரு தம்பி இருந்தவன்" என்றார். உடனே நின்று திருத்தினார். "இருக்கிறானோ, தெரியாது. டியூசனுக்கு எண்டு வெளிக்கிட்டவன், வரேல்லை. ஊர்ச் சனம் முழுக்க வீட்டை வந்து அம்மாவுக்குச் சொன்னது, யோசியாதேங்கோ, வருவான், வருவான் எண்டு. ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது. ஆனா எல்லாரும் சொன்னவை."

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"பிறகு நான் அம்மாவை இஞ்ச எடுக்கக் கேட்டன். அவன் வந்து வீட்டில ஆரும் இல்லாம நிப்பான் எண்டு வரமாட்டன் எண்டிட்டா. தனியக் கிடந்து செத்தவ. ஆறுதல் சொன்ன ஒருத்தரும் அப்ப பக்கத்தில இல்லை." முகத்திலிருந்த தூறலை உள்ளங்கையால் துடைத்தார். "அந்தச் சொல்லை நான் ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை எண்டு இருந்தனான். அண்டைக்கு அது தானா என்ரை வாயில வந்திட்டுது."

"அதான் செந்தில் வந்துட்டானே அக்கா."

"ஓம். வந்திட்டான்." அவர் என்னைப் பார்த்தார். அவரை நான் அத்தனை பயந்த முகத்தோடு பார்த்ததே இல்லை, அன்று திரைக்கு முன்னால்கூட. "அதுதான் பிள்ளை எனக்கு ஏலாமக் கிடக்கு. ஒருக்காத்தான் சொன்னனான், அது நடந்தும் போச்சு. இவ்வளவு காலமும் தெரியாது எண்டு நிம்மதியா இருந்தனான். இப்ப கதவு தட்டிற சத்தம் கேட்டா, அவனோ எண்டு எழும்பிறன்."

என் வாய்வரைக்கும் ஒரு சொல் வந்தது. எங்கள் வீட்டில் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் அதைத்தான் சொல்லியிருப்பார்கள், எனக்கும் வேறு ஒன்றும் தோன்றவில்லை. நான் அதை விழுங்கிக்கொண்டு அவர் கையைப் பிடித்தேன்.